சிஆர்பி ஜாஸ்தியா இருந்தா கணையப் புற்றுநோயா? ரத்தப் பரிசோதனை சொல்வதும் சொல்லாததும்

பல்லாவரத்தில் தொடங்கி குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர் என்று கூடுவாஞ்சேரி வரை ஜிஎஸ்டி சாலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ரத்தப் பரிசோதனை நிலையங்களின் போர்டுகள் வரிசையாகக் கண்ணில் படும். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் பக்கமும் இதே கதைதான். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். சாயங்காலத்துக்குள் ரிப்போர்ட் மொபைலுக்கு வந்துவிடுகிறது.

அந்த ரிப்போர்ட்டில் எங்காவது ஒரு வரி தடித்த எழுத்தில் இருக்கும். சிஆர்பி கொஞ்சம் அதிகம், இஎஸ்ஆர் கொஞ்சம் அதிகம், நியூட்ரோஃபில் கொஞ்சம் அதிகம். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே கூகுளில் தேடுகிறோம். மூன்றாவது நிமிடத்தில் ‘புற்றுநோய்’ என்ற சொல் திரையில் வந்து நிற்கிறது. அதிலும் கணையப் புற்றுநோய் என்றால் பயம் இன்னும் கூடும். அறிகுறி தெரிவதற்குள் முற்றிவிடும் நோய் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம்.

அழற்சிக்கும் கணையப் புற்றுநோய்க்கும் உண்மையிலேயே நெருங்கிய தொடர்பு உண்டு. அதை நிரூபித்த முக்கியமான ஆய்வுகளில் ஒன்று நம்ம சென்னையில் நடந்தது. ஆனால் அந்தத் தொடர்பு உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள சிஆர்பி எண்ணில் தெரிகிறதா? அது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் ஒரு பக்கம் தேவையில்லாத பயமும் செலவும். இன்னொரு பக்கம், உண்மையாகவே கவனிக்க வேண்டிய அறிகுறி கண்முன்னே இருந்தும் கோட்டை விடுகிறோம்.

அழற்சி என்றால் என்ன?

கையில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிக்கிறது. உடலின் பாதுகாப்புப் படை அங்கே வேலை செய்கிறது என்று அர்த்தம். இதுதான் அழற்சி. வேலை முடிந்ததும் படை கலைந்துவிட வேண்டும். சிலருக்கு ஏதோ ஓர் உறுப்பில் அது கலையாமல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல எரிந்துகொண்டே இருக்கும். அது நாள்பட்ட அழற்சி.

இந்த எரிச்சலின் புகை ரத்தத்தில் தெரியும். அதை அளப்பதற்குத்தான் இந்த டெஸ்ட்கள்:

• சிஆர்பி: கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். உடலில் எங்கே அழற்சி ஏற்பட்டாலும் ‘இன்டர்லூக்கின்-6’ என்ற தூதுப் பொருள் கல்லீரலுக்குத் தகவல் சொல்லும், சில மணி நேரத்தில் சிஆர்பி ஏறத் தொடங்கும். 1930-ல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிறுவனத்தில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்த டில்லெட், ஃபிரான்சிஸ் இருவரும் இதைக் கண்டுபிடித்தார்கள்.

• இஎஸ்ஆர்: குழாயில் நிற்கவைத்த ரத்தத்தில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் கீழே படிகின்றன என்ற கணக்கு.

• என்எல்ஆர்: வெள்ளணுக்களில் நியூட்ரோஃபிலை லிம்ஃபோசைட்டால் வகுத்தால் வரும் எண். சாதாரண சிபிசி ரிப்போர்ட்டிலேயே இதைப் போட்டுப் பார்க்கலாம். நியூட்ரோஃபில் 60 சதவீதம், லிம்ஃபோசைட் 30 சதவீதம் என்றால் என்எல்ஆர் 2.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. புகை வருகிறது என்று சொல்லும். எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று சொல்லாது.

தாம்பரத்துக்குப் பழைய பழக்கம்

இஎஸ்ஆர் தென்சென்னை மக்களுக்குப் புதிதல்ல. தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் வரக் காரணமான காசநோய் மருத்துவமனையை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் சவுரி முத்து. 1937-ல் அது அரசின் வசம் போனது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. இஎஸ்ஆர் அளக்கும் முறையை 1921-ல் வகுத்த ஸ்வீடன் மருத்துவர் வெஸ்டர்கிரென், அதை முதலில் பயன்படுத்தியதே நுரையீரல் காசநோயாளிகளிடம்தான். நோய் அடங்குகிறதா, ஏறுகிறதா என்று பார்க்க உலகம் முழுக்கக் காசநோய் மருத்துவர்கள் பல காலம் இதை நம்பினார்கள்.

ஆனால் இஎஸ்ஆரை மட்டும் வைத்து ‘உங்களுக்கு டிபி’ என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. சளியைச் சோதிக்க வேண்டும், எக்ஸ்ரே பார்க்க வேண்டும். அதே எச்சரிக்கை சிஆர்பிக்கும் பொருந்தும். வடகிழக்குப் பருவமழையில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தண்ணீர் தேங்கி, வீட்டுக்கு வீடு காய்ச்சல் வரும் நாட்களில் ரத்தம் கொடுத்தால் எத்தனையோ பேருக்கு சிஆர்பி எகிறித்தான் இருக்கும்.

அழற்சி எப்படிப் புற்றுநோய்க்கு வழி விடுகிறது?

கணையம் வயிற்றின் பின்பக்கம், இரைப்பைக்குக் கீழே படுத்திருக்கும் உறுப்பு. இரண்டு வேலை அதற்கு: சாப்பாட்டைச் செரிக்கும் நொதிகளைச் சுரப்பது, சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினைச் சுரப்பது.

கணையப் புற்றுநோய்க் கட்டிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் ‘கேராஸ்’ என்ற மரபணுவில் பிழை இருக்கிறது. அப்படியானால் அந்தப் பிழை ஒன்றே போதுமா? ஸ்பெயினில் மரியானோ பார்பாசிட் குழு 2007-ல் எலிகளிடம் இதைச் சோதித்தது. வளர்ந்த எலிகளின் கணையத்தில் அந்த மரபணுப் பிழையை மட்டும் உண்டாக்கியபோது புற்றுநோய் வரவில்லை. அதோடு கணைய அழற்சியையும் சேர்த்து உண்டாக்கியபோது வந்தது. விதை இருந்தால் மட்டும் போதாது, அது முளைக்க ஈரம் வேண்டும் என்பதுபோல.

மனிதர்களிடமும் இதற்குச் சான்று உண்டு. நாள்பட்ட கணைய அழற்சி உள்ள சுமார் 2,000 பேரைப் பல நாடுகளில் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 1993-ல் வெளியானது. அழற்சி கண்டறியப்பட்ட 10 ஆண்டுகளில் 1.8 சதவீதம் பேருக்கும், 20 ஆண்டுகளில் 4 சதவீதம் பேருக்கும் கணையப் புற்றுநோய் வந்திருந்தது. பொதுமக்களோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு.

சென்னையில் கிடைத்த பதில்

தமிழ்நாடு, கேரளம் போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில் ஒரு தனி வகைக் கணைய அழற்சி உண்டு. மது குடிக்காதவர்களுக்கும் வரும். சின்ன வயதில் அடிக்கடி வயிற்று வலி. பிறகு கணையக் குழாயில் சுண்ணாம்புக் கற்கள். இளம் வயதிலேயே சர்க்கரை நோய். கேரளத்தில் டாக்டர் கீவர்கீஸ் இதை நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் பதிவு செய்தார். மரவள்ளிக் கிழங்கு, சத்துக்குறைவு என்று பல காரணங்கள் சந்தேகிக்கப்பட்டன. மரவள்ளி மீதான குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. 2002-ல் லக்னோ, ஹைதராபாத் ஆய்வாளர்கள் இந்த நோயாளிகள் பலரிடம் ‘ஸ்பிங்க்1’ என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதைக் காட்டினார்கள். கணைய நொதிகள் உள்ளேயே விழித்துக்கொண்டு கணையத்தையே அரித்துவிடாமல் தடுக்கும் புரதம் அந்த மரபணுவிலிருந்து வருகிறது.

இந்த நோயாளிகளுக்குப் புற்றுநோய் வருகிறதா என்று 1994-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை பதில் சொன்னது. முதல் ஆசிரியர் சுரேஷ் சாரி. கூடவே சர்க்கரை நோய் மருத்துவர் வி.மோகன், ராயபுரத்தில் சர்க்கரை நோய்க்கென்றே மருத்துவமனை நிறுவிய எம்.விசுவநாதன், இன்னும் சிலர். 185 நோயாளிகளைச் சராசரியாக நாலரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அந்தக் காலத்தில் 24 பேர் இறந்தார்கள். அவர்களில் 6 பேர் இறந்தது கணையப் புற்றுநோயால். நாலில் ஒன்று.

பொதுமக்களோடு ஒப்பிட்டால் ஆபத்து சுமார் 100 மடங்கு என்று அவர்கள் கணக்கிட்டார்கள். எண்ணிக்கை சின்னது என்பதால் உண்மையான மடங்கு 37 முதல் 218 வரை எங்கேயும் இருக்கலாம் என்றும் கட்டுரை சொன்னது. குறைந்தபட்சத்தை எடுத்தாலும் அதிர்ச்சிதான். புற்றுநோய் வந்த வயது நாற்பதுகளின் நடுவில். உலகெங்கும் இந்த நோய் பெரும்பாலும் அறுபது வயதுக்கு மேல் வருவது.

ஆக, கணையத்துக்குள்ளேயே பல ஆண்டுகள் எரியும் அழற்சி ஆபத்தைக் கூட்டுகிறது. இதில் சந்தேகம் இல்லை.

அப்போ ரத்தத்தில் முன்கூட்டியே தெரியணுமே?

நியாயமான கேள்வி. ஆய்வாளர்களும் இதையேதான் கேட்டார்கள். இதற்குப் பதில் தேட ஒரு நல்ல வழி இருக்கிறது. ஆரோக்கியமாக இருக்கும் லட்சக்கணக்கானோரிடம் ரத்தம் வாங்கி உறையவைத்துவிட வேண்டும். பல ஆண்டு கழித்து யாருக்கு நோய் வந்தது என்று பார்த்து, அவர்களின் பழைய ரத்தத்தையும் நோய் வராதவர்களின் ரத்தத்தையும் ஒப்பிட வேண்டும்.

பத்து ஐரோப்பிய நாடுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்த ‘எபிக்’ ஆய்வு இப்படித்தான் செய்தது. பின்னாளில் கணையப் புற்றுநோய் வந்த 455 பேரின் பழைய ரத்தத்தில் சிஆர்பி, இன்டர்லூக்கின்-6 இரண்டையும் அளந்தார்கள். 2012-ல் வந்த முடிவு: இரண்டுக்கும் நோய்க்கும் மொத்தத்தில் தொடர்பு தெரியவில்லை. வேறொரு அழற்சிக் குறியீட்டில் பெண்களிடம் மட்டும் லேசான தொடர்பு தெரிந்தது.

அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஐந்து பெரிய ஆய்வுகளின் ரத்த மாதிரிகளைச் சேர்த்து, பின்னாளில் நோய் வந்த 470 பேரையும் வராத 1,094 பேரையும் ஒப்பிட்டார்கள். அங்கேயும் சிஆர்பி, இன்டர்லூக்கின்-6 கைகொடுக்கவில்லை.

கணைய அழற்சி ஆபத்து என்பது உண்மை. அழற்சியைக் காட்டுவது சிஆர்பி என்பதும் உண்மை. ஆனாலும் சிஆர்பியைப் பார்த்துக் கணையப் புற்றுநோயைக் கணிக்க முடியவில்லை. ஏன்?

மூன்று காரணங்கள்

முதலாவது, புகைக்கு முகவரி கிடையாது. பல் ஈறு வீங்கினாலும், முட்டி வலித்தாலும், சிகரெட் பிடித்தாலும், தொப்பை இருந்தாலும் சிஆர்பி ஏறும். சென்னைவாசிகளிடம் நடந்த ‘க்யூர்ஸ்’ ஆய்வின் ஒரு பகுதி 2005-ல் வெளியானது. உடல் கொழுப்பும் சர்க்கரை நோயும் இருப்பவர்களிடம் சிஆர்பி கூடுதலாக இருப்பதை அது காட்டியது. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்து, ராத்திரி பதினொரு மணிக்கு பிரியாணி ஆர்டர் செய்யும் ஒருவருக்கு சிஆர்பி 4 என்று வந்தால், காரணத்தைத் தேட முதலில் கணையத்துக்குப் போக வேண்டியதில்லை.

இரண்டாவது, ஒரு இடத்துக்குள் அடங்கிய எரிச்சல் ரத்தம் வரை வராமலேயே இருக்கலாம். கணையத்தில் ஒரு மூலையில் பல ஆண்டுகளாக நடக்கும் சின்ன அழற்சி, மொத்த உடலின் சிஆர்பியைத் தூக்கிவிடும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

மூன்றாவது, நேரம். சிஆர்பி ஒரே நாளில் பாதியாகக் குறைந்துவிடும் பொருள். ஆனால் கணையத்தில் முதல் மரபணுப் பிழை ஏற்பட்டு அது புற்றாக மாறப் பத்து ஆண்டுக்கும் மேல் ஆகலாம் என்று 2010-ல் கட்டிகளின் மரபணுக்களை ஆராய்ந்த ஒரு குழு கணக்கிட்டது. பத்து வருஷக் கதையை ஒரு நாள் காலையில் எடுத்த போட்டோவை வைத்துச் சொல்ல முடியுமா?

இன்னொரு சிக்கலும் உண்டு. நோய் வந்த ஒருவரின் ரத்தத்தில் அழற்சி கூடுதலாக இருந்தால், அழற்சியால் நோய் வந்ததா, மறைந்திருந்த நோயால் அழற்சி வந்ததா? நோய் தெரிவதற்கு ஆறு மாதம் முன்பு எடுத்த ரத்தம் என்றால் இரண்டாவதாகவும் இருக்கலாம். அதனால்தான் ‘இந்தக் குறியீடு புற்றுநோயைக் காட்டுகிறது’ என்று ஒரு செய்தி வந்தால், ரத்தம் எப்போது எடுக்கப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும்.

வேறு தடயங்கள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. ஆனால் எதுவும் இன்னும் லேப் பேக்கேஜுக்கு வரும் நிலையில் இல்லை.

ஈறு நோயை உண்டாக்கும் ‘போர்ஃபிரோமோனஸ் ஜிஞ்சிவாலிஸ்’ என்ற பாக்டீரியாவுக்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்புப் புரதங்களை ‘எபிக்’ ரத்த மாதிரிகளில் அளந்தார்கள். 2013-ல் வந்த முடிவின்படி, அவற்றின் அளவு அதிகமாக இருந்தவர்களிடம் கணையப் புற்றுநோய் ஆபத்து சுமார் இரண்டு மடங்கு. ஈறு நோய்தான் காரணமா, அது வேறு எதற்காவது அடையாளமா என்பது தனி ஆராய்ச்சி. பல்லைப் பார்த்துக்கொள்வதில் யாருக்கும் நஷ்டம் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

2014-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இன்னொரு தடயத்தைக் கண்டார்கள். நோய் கண்டறியப்படுவதற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே, சில வகை அமினோ அமிலங்கள் ரத்தத்தில் கூடியிருந்தன. வெளியே எதுவும் தெரியாத காலத்திலேயே உடல் தன் தசையைக் கரைக்கத் தொடங்கிவிடுகிறது என்பதன் அடையாளம் அது. இந்த விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எடை இழப்பு பற்றிப் பேசும்போது திரும்ப வரும்.

என்எல்ஆர் பற்றி நெட்டில் படித்தேனே?

படித்திருப்பீர்கள். கணையப் புற்றுநோய் ஏற்கெனவே உறுதியானவர்களில் என்எல்ஆர் அதிகமாக இருப்பவர்களுக்கு நோயின் போக்கு மோசமாக இருக்கிறது என்று நிறைய ஆய்வுகள் உண்டு. சிகிச்சை தரும் மருத்துவருக்கு அது உதவும்.

நோய் வந்தவரின் எதிர்காலத்தைக் கணிப்பது ஒன்று. நோயே இல்லாதவருக்கு அது வருமா என்று கணிப்பது முற்றிலும் வேறு. நெட்டில் தேடும்போது இரண்டும் கலந்துதான் வரும். ஆரோக்கியமாக இருக்கும் 29 வயதுக்காரருக்கு என்எல்ஆர் 3.5 என்றால், ராத்திரித் தூக்கம் கெட்டதோ, சளி பிடித்ததோ, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டதோ காரணமாக இருக்கலாம்.

‘கேன்சர் மார்க்கர்’ சேர்த்த பேக்கேஜ் எடுக்கலாமா?

சில பேக்கேஜ்களில் சிஏ 19-9 என்ற டெஸ்ட்டும் உண்டு. கணையப் புற்றுநோய்க்கு இன்று பயன்படும் முக்கிய ரத்தக் குறியீடு இதுதான். பொதுவாக 37-க்குக் கீழே இருக்க வேண்டும். நோய் உறுதியானவர்களுக்கு சிகிச்சை வேலை செய்கிறதா என்று பார்க்க இது உதவும்.

ஆனால் பித்தப்பைக் கல், மஞ்சள் காமாலை, கணைய அழற்சி, சர்க்கரை நோய் என்று பலவற்றில் இது ஏறும். இன்னொரு பக்கம், நூற்றில் 5 முதல் 10 பேருக்கு மரபணு காரணமாக இந்தப் பொருளே ரத்தத்தில் உருவாகாது. அவர்களுக்குப் புற்றுநோய் இருந்தாலும் ரிப்போர்ட் நார்மல் என்றே வரும்.

தென் கொரியாவில் எந்த அறிகுறியும் இல்லாத 70,940 பேருக்கு இந்த டெஸ்ட் எடுத்துப் பார்த்தார்கள். 1,063 பேருக்கு அளவு 37-க்கு மேல் வந்தது. அவர்களில் கணையப் புற்றுநோய் இருந்தது நான்கு பேருக்கு. மற்ற ஆயிரத்துச் சொச்சம் பேருக்கு? ஸ்கேன், அலைச்சல், தூக்கம் போன ராத்திரிகள்.

நம் ஊரில் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1982 முதல் சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்திவருகிறது. இந்தியாவில் உள்ள இத்தகைய பதிவேடுகள் பெரும்பாலானவற்றில் கணையப் புற்றுநோய் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 3-க்கும் குறைவானவர்களுக்கே வருகிறது. ஒரு உதாரணம் போடுவோம். ஒரு லட்சம் பேரைச் சோதிக்கிறோம், டெஸ்ட் அந்த மூன்று பேரையும் தவறாமல் பிடித்துவிடுகிறது, நோய் இல்லாதவர்களில் 95 சதவீதம் பேருக்குச் சரியாக ‘இல்லை’ என்கிறது. நல்ல டெஸ்ட்தானே? ஆனால் மீதி 5 சதவீதம் என்பது 5,000 பேர். மூன்று பேரைத் தேட ஐயாயிரம் பேரை பயமுறுத்த வேண்டியிருக்கும்.

அதனால்தான் அறிகுறி இல்லாத பொதுமக்களுக்குக் கணையப் புற்றுநோய்க்கான பரிசோதனை வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2019-ல் மீண்டும் உறுதி செய்தது.

உண்மையாகக் கவனிக்க வேண்டியது: புதுசா வந்த சர்க்கரை

1994 ஆய்வின் சுரேஷ் சாரி பிறகு அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பணியாற்றினார். அங்கே அவர் பின்தொடர்ந்ததும் சர்க்கரைக்கும் கணையத்துக்கும் உள்ள தொடர்பைத்தான். 50 வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை நோய் வந்த 2,122 பேரின் மருத்துவப் பதிவுகளை அவர் குழு ஆராய்ந்தது. மூன்று ஆண்டுகளுக்குள் 18 பேருக்குக் கணையப் புற்றுநோய் கண்டறியப்பட்டிருந்தது. சதவீதத்தில் 0.85. ஏறக்குறைய 120 பேரில் ஒருவர். 2005-ல் வெளியான இந்த ஆய்வு சொன்ன விஷயம்: சிலருக்குச் சர்க்கரையால் புற்றுநோய் வருவதில்லை, மறைந்திருக்கும் புற்றுநோயால்தான் சர்க்கரை வருகிறது.

நூற்றுக்கு 99 பேருக்கு அது வழக்கமான சர்க்கரைதான். அப்படியானால் மீதி ஒருவரை எப்படி அடையாளம் காண்பது? 2018-ல் சாரியின் குழு ‘எண்ட்பேக்’ என்ற மதிப்பெண் முறையை வெளியிட்டது. அதற்குத் தேவை மூன்றே தகவல்: வயது, ஓராண்டில் சர்க்கரை எவ்வளவு ஏறியது, ஓராண்டில் எடை எவ்வளவு மாறியது. புது டெஸ்ட் எதுவும் வேண்டாம்.

இதில் எடைதான் முக்கியம். வழக்கமான சர்க்கரை நோய் பெரும்பாலும் எடை கூடும்போது வரும். எடை குறைந்துகொண்டே போகும்போது சர்க்கரை திடீரென ஏறினால், டாக்டர் யோசிக்க வேண்டிய விஷயம் அது.

நம் வீடுகளில் நடப்பது என்ன? அப்பாவுக்கு 58 வயசு. சர்க்கரை வந்துவிட்டது என்று தெரிந்ததும் இனிப்பை நிறுத்துகிறார், காலையில் நடக்கிறார். நாலு மாதத்தில் ஏழு கிலோ குறைகிறது. ‘டயட் சூப்பரா வேலை செய்யுதுப்பா’ என்று வீடே பாராட்டுகிறது. பெரும்பாலும் அந்தப் பாராட்டு நியாயமானதுதான். ஆனால் எடை குறைந்தும் சர்க்கரை இறங்காமல் ஏறிக்கொண்டே போனால், சாப்பிடவே பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால், அங்கே பாராட்டை நிறுத்திவிட்டு டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். எடை குறைந்தால் சர்க்கரையும் குறைய வேண்டும். இரண்டும் எதிரெதிராகப் போவதுதான் துப்பு.

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு. இவ்வளவு பேர் இருக்கும் இடத்தில் ‘சர்க்கரைதானே’ என்று கடந்துபோவது சுலபம். அதனால்தான் இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துவைத்திருப்பது முக்கியம்.

சரி, இப்போ என்ன செய்யலாம்?

சிஆர்பி கொஞ்சம் கூடுதலா வந்திருந்தால்:

• யூனிட்டைப் பாருங்கள். சில லேப் லிட்டருக்கு மில்லிகிராம் என்று தரும், சில லேப் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று தரும். இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம்.

• லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் என்றால் சமீபத்தில் காய்ச்சல், சளி, பல்வலி, காயம் இருந்ததா என்று யோசியுங்கள். டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பு சரியான பிறகு இரண்டு வாரம் கழித்துத் திரும்ப எடுப்பது வழக்கம்.

• காரணமே இல்லாமல் தொடர்ந்து அதிகமாக இருந்தால் டாக்டர் மற்ற காரணங்களைத் தேடுவார். நம் ஊரில் அந்தப் பட்டியலில் காசநோயும் உண்டு.

கீழே உள்ளவை இருந்தால் ரிப்போர்ட் என்ன சொன்னாலும் டாக்டரைப் பாருங்கள்:

• வலியில்லாமல் வரும் மஞ்சள் காமாலை. கண் மஞ்சள், சிறுநீர் அடர் நிறம், உடம்பு அரிப்பு. நாட்டு மருந்து சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று வாரங்களைக் கடத்த வேண்டாம்.

• முயற்சி செய்யாமலே எடை குறைவது.

• மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும், விட்டுப்போகாத வலி.

• மலம் எண்ணெய்ப் பசையோடு மிதப்பது.

• 50 வயதுக்கு மேல் திடீரென வந்த சர்க்கரை, கூடவே எடை இழப்பு. வருஷக்கணக்கில் கட்டுப்பாட்டில் இருந்த சர்க்கரை காரணமில்லாமல் எகிறுவதும் இதில் சேரும்.

சிலருக்கு மட்டும் தொடர் கண்காணிப்பு உண்மையிலேயே தேவைப்படலாம். பெற்றோர், உடன்பிறந்தவர்களில் இருவருக்குக் கணையப் புற்றுநோய் வந்தவர்கள், பரம்பரைக் கணைய அழற்சி உள்ளவர்கள், பிஆர்சிஏ2 போன்ற மரபணு மாற்றத்தோடு குடும்பத்தில் இந்த நோயும் இருப்பவர்கள். அவர்களுக்குச் செய்யப்படுவது எம்ஆர்ஐ அல்லது எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்ட். சின்ன வயதிலிருந்தே வயிற்று வலி, கணையத்தில் கல் என்று சொல்லப்பட்டவர்கள், இப்போது வலி இல்லை என்பதற்காக இரைப்பை-குடல் மருத்துவரிடம் போவதை நிறுத்திவிடக் கூடாது. சென்னை ஆய்வு பேசியது இவர்களைப் பற்றித்தான்.

முதல் ஆலோசனைக்கு குரோம்பேட்டை அரசு மருத்துவமனையே போதும். மேல் சிகிச்சை தேவைப்பட்டால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி இரண்டிலும் இரைப்பை-குடல் நோய்க்குத் தனித் துறைகள் உள்ளன.

ஆபத்தைக் குறைக்க நம் கையில் இருப்பதும் கொஞ்சம் உண்டு. சிகரெட் பிடிப்பவர்களுக்குக் கணையப் புற்றுநோய் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு, விட்ட பிறகு அது ஆண்டுக்கு ஆண்டு குறையும். அதிக மது, நாள்பட்ட கணைய அழற்சிக்கு நேர் வழி. உடல் பருமனும் ஆபத்தைக் கூட்டும். இந்த மூன்றையும் கவனித்தால் சிஆர்பியும் தானாகவே இறங்க வாய்ப்பு அதிகம்.

அடுத்த முறை வீட்டில் யாருக்காவது ஹெல்த் செக்கப் ரிப்போர்ட் வந்தால், தடித்த எழுத்தில் உள்ள வரியோடு நிறுத்திவிடாதீர்கள். போன வருஷ ரிப்போர்ட்டையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். சர்க்கரை எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு? எடை எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு? இந்த நான்கு எண்களையும் ஒரு பேப்பரில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். அதற்குத் தனியாக எந்த பேக்கேஜும் வாங்க வேண்டியதில்லை.